படத்தில் நாம் இருக்கிறோம். படம் எடுப்பவர் யார்?

2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். உடன் வந்த மனைவி கௌசல்யாவும் வெட்டுப்பட்டார். அன்று மாலைக்குள் அந்தக் காட்சி தமிழ்நாடு முழுவதும் கைப்பேசி கைப்பேசியாகப் போய்ச் சேர்ந்தது. நம் திருப்பூர் மாவட்டத்திலிருந்து அதிகம் பேர் பார்த்த படம் எது என்று கேட்டால், பனியன் கம்பெனி விளம்பரங்களை விட்டுவிட்டால், அநேகமாக அதுதான். அதை எடுத்தது எந்தச் செய்திப் படக்காரரும் அல்ல. கடைவீதியில் ஆணியடித்து மாட்டியிருந்த ஒரு கண்காணிப்பு கேமரா.

அந்தப் பதிவு வழக்கில் முக்கியச் சாட்சியமானது. 2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூன் 22 அன்று உயர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தையை விடுவித்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. சங்கர் கொலைக்கு முந்தைய ஆண்டு, 2015 ஜூனில் கொல்லப்பட்ட கோகுல்ராஜ் வழக்கிலும் திருச்செங்கோடு கோயில் கேமரா பதிவே பெரிதும் பேசப்பட்டது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் 2023-இல் கோயிலுக்கே நேரில் போய், கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்வையிட்டார்கள்.

கொங்கு மண்டலத்தில் தலித் மக்களின் வாழ்க்கை படமாவது பெரும்பாலும் இப்படித்தான். ஒன்று, சாவு நடந்த இடத்தில் தற்செயலாக ஒரு கேமரா இருக்க வேண்டும். அல்லது சாவுக்குப் பிறகு, பிணவறை வாசலில் மக்கள் உட்கார்ந்திருக்கும்போது செய்தியாளர்கள் வர வேண்டும். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் இடிந்து 17 பேர் இறந்தார்கள். அந்தச் சுவரை நம்மில் பெரும்பாலோர் பார்த்ததே அது விழுந்த பிறகுதான். நின்றுகொண்டிருந்த காலத்தில், மழைக்காலம் வந்தால் அந்த வீட்டுக்காரர்கள் எப்படி அதை அண்ணாந்து பார்த்தார்கள் என்பதைக் காட்டும் ஒரு படம் நம் நினைவில் இல்லை.

பல்லடம் பகுதியில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள், "விஸ்காம் படிக்கலாமா? கேமரா படிப்பு சோறு போடுமா?" என்று கேட்கிறார்கள். பெற்றோர் நர்சிங், பி.காம்., ஐ.டி.ஐ. என்று சொல்கிறார்கள். பெற்றோரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கேள்வியை 'வேலை கிடைக்குமா' என்பதோடு நிறுத்திவிட முடியாது. அதனால் இந்த வாரப் பத்தியைச் செய்திப் படக்கலைக்கும், இப்போது பல்லூடகம் என்று சொல்கிறார்களே, படம், ஒலி, காணொலி, எழுத்து எல்லாம் சேர்த்துக் கதை சொல்லும் அந்தத் தொழிலுக்கும் ஒதுக்குகிறோம்.

நாற்பத்தேழு தொலைபேசி அழைப்புகள்

1996-இல் டெல்லியில் இருந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் கென்னத் கூப்பர், பி.என். உனியால் என்ற மூத்த பத்திரிகையாளரிடம் ஓர் உதவி கேட்டார். ஒரு செய்தி தொடர்பாகத் தலித் பத்திரிகையாளர் ஒருவரிடம் பேச வேண்டும், யாராவது தெரியுமா என்றார். கூப்பர் ஒரு கறுப்பினத்தவர். உனியால் யோசித்துப் பார்த்தார். முப்பது ஆண்டுத் தொழில் வாழ்க்கையில் ஒருவரைக்கூட அவருக்குத் தெரியவில்லை. அங்கீகாரம் பெற்ற செய்தியாளர்கள் 686 பேரின் பட்டியலை எடுத்தார். 454 பேரின் பெயரிலேயே சாதி இருந்தது. மீதி 232 பேரில் 47 பேருக்குப் போன் செய்து பார்த்தார். ஒருவரும் தலித் இல்லை. அந்த ஆண்டு நவம்பர் 16 அன்று 'பயனியர்' நாளிதழில் இதை எழுதினார்.

அது பழைய கதை என்று விடலாம் என்றால், 2019-இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டன. நாளிதழ், தொலைக்காட்சி, இணையதளம், வார இதழ் என்று 121 தலைமைப் பொறுப்புகளை எடுத்துப் பார்த்ததில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் ஒன்றுகூட இல்லை.

இத்தனைக்கும் பத்திரிகை நமக்குப் புதிய தொழில் அல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' இதழைக் கொண்டுவந்தார். சீனிவாசனுக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவர் படித்தது கோயம்புத்தூரில். பள்ளியில் இருந்த சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்ற எல்லோரும் பிராமணர்கள் என்றும், தன் சாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து மற்றப் பிள்ளைகளோடு விளையாடாமல் வெளியிலேயே நேரத்தைக் கழித்துவிட்டு மணியடித்த பிறகு வகுப்புக்குள் போனதாகவும் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தப் பையன்தான் பிற்பாடு பத்திரிகைக்கு எல்லோரும் பார்க்கும்படி 'பறையன்' என்று பெயர் வைத்தவர்.

எழுத்தில் இருந்த அந்தத் தொடர்ச்சி படத்தில் வரவில்லை. காரணம் எளிமையானது. எழுதக் காகிதமும் பேனாவும் போதும். கேமராவுக்குப் பணம் வேண்டும். ஃபிலிம் காலத்தில் ஒவ்வொரு தடவை பொத்தானை அழுத்தும்போதும் காசு போனது.

மீன்கூடை வீட்டிலிருந்து

அந்தச் சுவரில் துளை போட்டவர்களில் ஒருவர் மதுரை ஜவஹர்லால்புரத்தைச் சேர்ந்த ம. பழனிக்குமார். அம்மா மீன் விற்று வளர்த்த பிள்ளை. பொறியியல் படித்தவர். 2013-இல் கடன் வாங்கித் தன் முதல் கேமராவை வாங்கினார். கல்லூரியில் படக்கலை படித்தவர் அல்ல. தெருவிலும் மீன் மார்க்கெட்டிலும் கற்றுக்கொண்டவர்.

திவ்யபாரதி இயக்கி 2017-இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் இவர். மலக்குழி மரணங்களையும், கையால் மலம் அள்ளும் கொடுமையையும் தமிழ்நாடு முழுக்கப் போய்ப் பதிவுசெய்த படம் அது. 1993-இலும் பிறகு 2013-இலும் சட்டம் போட்டுத் தடைசெய்த தொழில் எங்கேயும் இல்லை என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்த காலம். படம் வந்த பிறகு அப்படிச் சொல்வது கடினமாயிற்று. பல ஊர்களில் திரையிடப் போலீஸ் அனுமதி மறுத்தது.

அதோடு பழனிக்குமார் நிற்கவில்லை. இறந்த தூய்மைப் பணியாளர்களின் வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போனார். அப்பாவை இழந்த பிள்ளைகளைப் படம் எடுத்தார். 'நானும் ஒரு குழந்தை' என்ற தலைப்பில் அந்தப் படங்கள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் கண்காட்சியாக வைக்கப்பட்டன. பிறகு பி. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய 'பாரி' என்ற கிராமப்புற ஆவணக் காப்பகத்தில் படக்காரராகச் சேர்ந்தார். ராமநாதபுரம் கடற்கரையில் கடற்பாசி எடுக்கும் பெண்கள், ஏரியில் மீன்பிடிப்பவர்கள், தன் சொந்த அம்மா என்று அவர் படங்கள் விரிந்தன. 2022-இல் தயாநிதா சிங் - பாரி ஆவணப் படக்கலை விருதின் முதல் பெறுநர் ஆனார்.

இதில் கவனிக்க வேண்டியது விருது அல்ல. செய்திக்குப் போகிறவர் சாவு நடந்த அன்று போவார்; இவர் கருமாதி முடிந்த பிறகும் போனார். ஒருவர் தன் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதுபோல் போனால்தான் இப்படிப் படம் கிடைக்கும். தெரிந்த முகமாக ஆகும்வரை கேமராவைப் பையிலேயே வைத்திருப்பது இந்தப் படிப்பில் முதல் பாடம். இதை எந்தப் பாடத்திட்டமும் தேர்வு வைத்து மதிப்பெண் போட்டுவிட முடியாது.

மதுரை மாவட்டம் வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரனும் தன் குடும்பத்தையும் தன் ஊரையுமே படமாக்கி உலக அளவில் கவனிக்கப்பட்டவர். மும்பையில் சுதாரக் ஓல்வே மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து படம் எடுத்தார். 2016-இல் பத்மஸ்ரீ பெற்றார். மதுரை இரண்டு பேரைக் கொடுத்திருக்கிறது. கொங்கு மண்டலத்தில் இருந்து யார் என்று கேட்டால், பதில் சொல்ல யோசிக்க வேண்டியிருக்கிறது.

வெளியே அமெரிக்காவிலும் இதே வழிதான். கார்டன் பார்க்ஸ் என்ற கறுப்பின இளைஞர் 25 வயதில் அடகுக் கடையில் ஒரு பழைய கேமராவை வாங்கினார். ரயிலில் சர்வராக வேலை பார்த்தவர், யாரிடமும் படிக்கவில்லை. 1942-இல் வாஷிங்டனுக்கு அரசு வேலைக்குப் போனபோது ஹோட்டலிலும் துணிக்கடையிலும் அவரை உள்ளே விடவில்லை. கோபத்தோடு அலுவலகம் திரும்பியவரிடம், அதே கட்டடத்தில் துடைப்பம் பிடித்து வேலை செய்த எல்லா வாட்சன் என்ற பெண்மணியிடம் போய்ப் பேசிப் பார் என்றார் அவருடைய மேலதிகாரி. பின்னால் தேசியக்கொடி, கையில் துடைப்பம், பக்கத்தில் மாப் என்று அந்த அம்மாள் நிற்கும் படம் இன்றும் பேசப்படுகிறது. அந்த ஒரு படத்தோடு அவர் விட்டுவிடவில்லை என்பது பலருக்குத் தெரியாது. அந்த அம்மாளின் வீடு, பேரப்பிள்ளைகள், தேவாலயம் என்று வாரக்கணக்கில் கூடவே இருந்து எடுத்தார்.

தீண்டாமையைப் படம் எடுப்பது எப்படி?

இந்தத் தொழிலில் நம் பிள்ளைகளுக்கு இருக்கும் பெரிய சவால் இதுதான். வெட்டுக் காயத்தைப் படம் எடுக்கலாம். இடிந்த சுவரைப் படம் எடுக்கலாம். ஆனால் தினசரி நடக்கும் தீண்டாமை பெரும்பாலும் 'இல்லாத' ஒன்றாகத்தான் இருக்கிறது. பெஞ்சில் உட்காராமல் நிற்பது, வாசற்படி தாண்டாமல் கூப்பிடுவது, ஊர் வீதியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது. கேமரா அங்கே போனதும் டீக்கடைக்காரர் ஒரே மாதிரி கிளாஸ் எடுத்து வைத்துவிடுவார். "உக்காருங்க, யாரு வேண்டாம்னாங்க?" என்பார். இப்போது இன்னொரு சிக்கலும் வந்துவிட்டது. பேப்பர் கப் வந்த பிறகு இரட்டைக் குவளை கண்ணுக்கே தெரிவதில்லை. எல்லோருக்கும் பேப்பர் கப் என்றால் சரி. சிலருக்கு மட்டும் பேப்பர் கப், சிலருக்கு கண்ணாடி கிளாஸ் என்றால்? அதைக் காட்ட ஒரு படம் போதாது. காலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை ஒரே இடத்தில் இருந்து, வருகிற ஒவ்வொருவரின் கையையும் மட்டும் எடுத்து வரிசையாக வைத்தால் புரியும்.

பல்லூடகம் நமக்கு உதவுவது இங்கேதான். ஒரே படத்தில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டியதில்லை. வரிசைப் படங்கள், ஒரு குரல், ஒரு வரைபடம், ஓர் ஆவணத்தின் நகல் எல்லாம் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாததைத் தெரிய வைக்கும். குடியிருப்பில் இருந்து மயானத்துக்குப் பாதை இல்லை என்ற பிரச்சினையை எடுத்துக்கொள்வோம். பிணத்தைத் தூக்கிக்கொண்டு வயல் வரப்பில் போகும் படம் எல்லோருக்கும் தெரிந்த படம். அதையே வருவாய்த் துறை வரைபடத்தில் பாதை எங்கே காட்டப்பட்டிருக்கிறது, இன்று அங்கே என்ன இருக்கிறது, மனுக் கொடுத்த தேதிகள் என்னென்ன என்று கைப்பேசித் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால், பார்ப்பவருக்குப் பரிதாபத்தோடு கேள்வியும் வரும். தாசில்தாருக்கும் பதில் சொல்ல வேண்டி வரும்.

நம் மண்ணுக்கு நெருக்கமான முன்னோடி ஒருவர் உண்டு. லூயிஸ் ஹைன். அமெரிக்கப் பஞ்சாலைகளில் குழந்தைத் தொழிலாளர்களை 1908 முதல் படம் எடுத்தவர். அடிப்படையில் பள்ளி ஆசிரியர். பைபிள் விற்பவர் போலவும், அஞ்சலட்டை விற்பவர் போலவும் சொல்லிக்கொண்டு ஆலைக்குள் நுழைவார். குழந்தையின் உயரத்தைத் தன் சட்டைப் பொத்தான்களை வைத்து மனதில் அளந்துகொள்வார். சட்டைப் பைக்குள்ளேயே கையை விட்டுக் குறிப்பு எழுதுவார். பெயர், வயது, எத்தனை மணி நேர வேலை, எவ்வளவு கூலி எல்லாம் அந்தக் குறிப்பில் இருக்கும். படத்தைப் பார்த்து "இது பொய்" என்று ஆலைக்காரர் சொல்ல முடியாமல் போனது அந்தக் குறிப்புகளால்தான். கேமராவைவிடக் குறிப்புப் புத்தகம் முக்கியம் என்று படிக்கப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நம் பத்திரிகைகளில் இன்றைக்கும் "சோகத்தில் உறவினர்கள்" என்று ஒரு வரியோடு முடிந்துபோகும் படக்குறிப்புகளைப் பார்க்கிறோம். யார் அந்த உறவினர், எங்கே உட்கார்ந்திருக்கிறார், எத்தனை நாளாக, எந்தக் கோரிக்கைக்காக என்று நான்கு வரி எழுதினால் அதே படம் வேறாகிவிடும்.

இனி ஒலி. பல்லடம், சோமனூர் பக்கம் தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் காதில் விழுவதே இல்லை. வெளியூர்க்காரர் வந்தால் பத்து நிமிடத்தில் தலைவலிக்கிறது என்பார். தறிக்குடோனில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஒருவரின் கதையை எழுத்தில் சொல்வது ஒரு விதம். முதல் இருபது நொடி வெறும் தறிச் சத்தம், பிறகு தறியை நிறுத்தும் ஒலி, அந்த அமைதியில் அவர் பேசத் தொடங்குவது இன்னொரு விதம். தறி ஓடும்போது பேட்டி எடுத்தால் ஒன்றும் கேட்காது என்பதையும் முதல் நாளே கற்றுக்கொள்வார்கள். காணொலியில் ஒவ்வொரு காட்சியையும் குறைந்தது பத்து நொடி கை அசையாமல் எடுப்பது, தூரக் காட்சி, நடுக் காட்சி, கைகளின் நெருக்கக் காட்சி என்று மூன்றையும் எடுத்துவைப்பது, பேட்டிக்குச் சட்டைக் காலர் மைக் பயன்படுத்துவது எல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். எதை எடுக்கக் கூடாது என்பது பழக நாளாகும்.

வெட்டி ஒட்டிய உண்மைகள்

2021 ஆகஸ்டில் அன்னூர் அருகே ஒட்டர்பாளையம் கிராம நிர்வாக அலுவலகத்தில் எடுத்த ஒரு காணொலி பரவியது. பட்டியல் சாதியைச் சேர்ந்த கிராம உதவியாளர் ஒருவர், நிலம் தொடர்பாக வந்த இன்னொருவரின் காலில் விழுந்து அழும் காட்சி. கொந்தளிப்பு ஏற்பட்டு வன்கொடுமை வழக்குப் பதிவானது. சில நாளில் இன்னொரு துண்டு வெளிவந்தது. அதில் உதவியாளர் அந்த நபரை அடிக்கும் காட்சி. பேச்சு அப்படியே தலைகீழானது. இரண்டு தரப்பும் தங்களுக்கு வேண்டிய துண்டை மட்டும் பகிர்ந்தார்கள்.

இந்தப் பத்தியை எழுதுபவர் உட்பட நம் பக்கத்துக்காரர்களுக்கு இது கசப்பான நிகழ்வு. ஆனால் வகுப்பில் பாடமாக வைக்க இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. யார் எடுத்தார்? எந்த நிமிடத்தில் தொடங்கினார்? முதல் துண்டை யார் வெளியிட்டார், இரண்டாவதை யார், ஏன் இடைவெளி? இரண்டு துண்டுக்கும் நடுவில் அந்த அறையில் என்ன பேசப்பட்டது? அடித்தவர் எதனால் பிறகு காலில் விழுந்தார்? பயிற்சி பெற்ற ஒருவர் முழுப் பதிவும் கைக்கு வரும்வரை தலைப்பு வைக்க மாட்டார். அரைகுறையாக நாம் ஒன்றைப் பரப்பினால், அடுத்த முறை உண்மையான கொடுமை நடக்கும்போது "இதுவும் அன்னூர் மாதிரிதான்" என்று சொல்லிவிடுவார்கள்.

படம் சாட்சியமாகவும் ஆகும் என்பதால் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் வேண்டும். அதனால் மூலப் பதிவை வெட்டாமல், வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருக்காமல், எடுத்த கருவியிலேயே பாதுகாத்துவைக்க வேண்டும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தையும், போக்சோ வழக்குகளில் குழந்தையின் அடையாளத்தையும் வெளியிடுவது குற்றம். முகத்தை மட்டும் மறைத்துவிட்டு வீட்டு வாசலையும் தெருப் பெயரையும் காட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் சேர்ந்திருக்கும் 15-ஏ பிரிவு, அந்தச் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளின் நடவடிக்கைகளைக் காணொலியில் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. இதைக் கேட்டுப் பெறும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு என்பது நம் வழக்கறிஞர்களிலேயே பலர் வலியுறுத்தாத விஷயம்.

எங்கே படிப்பது, யார் கட்டணம் கட்டுவது

கோவையில் பாரதியார் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல், ஊடகவியல் துறை இருக்கிறது. பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி உட்படப் பல கல்லூரிகளில் விசுவல் கம்யூனிகேஷன் பட்டப்படிப்பு இருக்கிறது. ஒளிப்பதிவை மட்டும் முறையாகக் கற்க வேண்டுமென்றால் சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். பட்டம் முடித்தபின் பத்திரிகைத் துறைக்கே போக நினைப்பவர்களுக்குச் சென்னையில் ஆசிய இதழியல் கல்லூரி. தலித், பழங்குடி மாணவர்களுக்கு அங்கே உதவித்தொகை தருகிறார்கள், தேர்வும் நேர்காணலும் ஆங்கிலத்தில் என்பதால் முன்கூட்டியே தயாராக வேண்டும். காந்திநகரில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படக்கலைக்கென்றே முதுநிலைப் படிப்பு இருக்கிறது, இடஒதுக்கீடும் உண்டு. பிணவறைகளில் உடற்கூறாய்வு வேலையைச் செய்யும் தொழிலாளர்களைப் பற்றித் தமிழ்நாட்டில் முக்கியமான படத்தொகுப்பை உருவாக்கிய அருண் விஜய் மதவன் அங்கே படித்தவர்தான்.

சேரும்போது ஒன்றைக் கேளுங்கள்: இது உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா? பல கல்லூரிகளில் விஸ்காம் சுயநிதிப் பிரிவில்தான் இருக்கிறது. அங்கே கட்டணமும் அதிகம், ஸ்டுடியோ கட்டணம், 'டூர்' என்று தனியாக வசூலிப்பதும் உண்டு. பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு மூன்றும் ஜூன் மாதத்துக்குள் கையில் இருந்தால் பாதி அலைச்சல் குறையும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்கு 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் என்று மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. அருந்ததியர் பிள்ளைகளுக்கு 18 சதவீதத்துக்குள் 3 சதவீத உள் ஒதுக்கீடு 2009 முதல் இருக்கிறது. உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அரசு, உதவி பெறும் கல்லூரி விண்ணப்பத்தில் 'எஸ்.சி.ஏ.' என்று சரியாகக் குறிப்பிடுங்கள்.

கேமராதான் இடிக்கும். தொடக்கநிலைக் கேமராவும் ஒரு லென்சும் வாங்கவே அரை லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. முதல் ஆண்டு கைப்பேசியே போதும் என்பதே நம் கருத்து. படிப்பு முடித்து ஸ்டுடியோ வைக்க நினைப்பவர்களுக்குத் தாட்கோ மூலம் முதலமைச்சரின் சமூகப் பொருளாதாரத் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 3.5 லட்சம் வரை மானியமும், 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. கல்யாணம், காதுகுத்து, சீர் என்று படம் எடுத்துச் சோறு சம்பாதித்துக்கொண்டே, மாதம் நான்கு நாள் தன் சொந்த வேலையைச் செய்வதில் ஒரு கேவலமும் இல்லை. உலகம் முழுக்கப் பெரும்பாலான ஆவணப் படக்காரர்கள் அப்படித்தான் வாழ்கிறார்கள். சம்பள வேலையை மட்டும் நம்பி இந்தப் படிப்பில் சேர வேண்டாம் என்று பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் நேராகவே சொல்லிவிடுகிறோம்.

ஆபத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2024 ஜனவரியில் இதே பல்லடம் வட்டாரத்தில் காமநாயக்கன்பாளையம் பக்கம் ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளரை ஒரு கும்பல் கொடூரமாக வெட்டியது. தன்னை ஆட்கள் பின்தொடர்கிறார்கள் என்று அவர் போலீசிடம் போனில் திரும்பத் திரும்ப உதவி கேட்டதும், உரிய நேரத்தில் உதவி வராததும் ஒலிப்பதிவாகவே வெளிவந்தது. தனியாகப் போகாதே, போகுமிடத்தை ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ, பதிவை அன்றே இன்னொரு இடத்தில் சேமித்துவை என்பதும் பாடத்தின் பகுதிதான். பெண் பிள்ளைகளுக்கு இது இரண்டு மடங்கு.

ஆனாலும் பெண்கள் செய்துகாட்டியிருக்கிறார்கள். உத்தரப் பிரதேசம் சித்ரகூடில் 2002-இல் தொடங்கிய 'கபர் லஹரியா', தலித் பெண்களை முதன்மையாகக் கொண்டு கிராமப் பெண்களே நடத்தும் பத்திரிகை. சில ஆண்டுகளுக்கு முன்பு அச்சை விட்டுவிட்டு முழுக்கக் கைப்பேசிக் காணொலிக்கு மாறினார்கள். அவர்களைப் பற்றி எடுத்த 'ரைட்டிங் வித் ஃபயர்' ஆவணப்படம் 2022 ஆஸ்கர் இறுதிப் பட்டியலுக்குப் போனது. அப்போது அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. படம் தங்கள் பணியின் ஒரு பகுதியை மட்டும் காட்டி, தங்களை ஒரு கட்சியைப் பற்றியே செய்தி போடுகிறவர்கள்போல் ஆக்கிவிட்டது என்று வெளிப்படையாக அறிக்கை விட்டார்கள். அடுத்தவர் நம்மைப் பற்றி அன்போடு எடுக்கும் படத்திலும் நாம் முழுதாக வருவதில்லை.

பழனிக்குமார் இப்போது கேமராவை அடுத்த கைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். தூய்மைப் பணியாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும், வடசென்னை இளைஞர்களுக்கும் பட வகுப்பு நடத்தி, அவர்கள் எடுத்ததைக் கண்காட்சியாக வைத்தார். பிள்ளைகள் எடுத்தது பெரும்பாலும் தங்கள் அம்மா வேலைக்குக் கிளம்புவதை, வீட்டுக்குள் விழும் வெளிச்சத்தை, தெருவில் விளையாடுவதை. பத்திரிகைக்காரர் யாரும் அந்தத் தெருக்களில் எடுக்காத படங்கள்.

பல்லடத்தில் அப்படி ஒரு வகுப்பு நடத்த என்ன வேண்டும்? காலனிச் சமுதாயக்கூடம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று மணி நேரம், கேமரா நன்றாக இருக்கும் நாலைந்து கைப்பேசி, சட்டையில் மாட்டும் மைக் ஒன்று. கோவைக் கல்லூரிகளில் விஸ்காம் படிக்கும் நம் பிள்ளைகள் ஏற்கெனவே சிலர் இருக்கிறார்கள், அவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். முதல் பத்து வாரத்துக்கு விஷயமும் கைவசம் இருக்கிறது: இரவு ஷிப்ட் முடிந்து வரும் தறிக்காரர், அதிகாலையில் பண்ணையில் கோழி பிடித்து லாரியில் ஏற்றும் ஆட்கள், சாக்கடை அடைத்துக்கொண்டால் யாருக்குப் போன் போகிறது, மயானப் பாதை, நூறு நாள் வேலையில் தண்ணீர்க் குடம் எங்கே வைக்கப்படுகிறது, ஊர்த் திருவிழா அன்று பறையடித்துவிட்டு அவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சமுதாயக்கூடத்தின் சாவி ஊராட்சித் தலைவரிடம் இருக்கும். முதலில் அதைப் போய்க் கேட்க வேண்டும்.